எழுதியவர் விட்டுப்போன ஆட்-ஆனை எடுத்து நடத்துவது எப்படி?

இராமநாதபுரம், கீழக்கரை பக்கம் நிரல் பழகும் பிள்ளைகள் பலர் புதிதாக எதையும் எழுதித் தொடங்குவதில்லை. யாரோ எப்போதோ எழுதி, இப்போது ஓடாமல் நிற்கும் ஒன்றைச் சரிசெய்துதான் தொடங்குகிறார்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை யூனிகோடுக்கு மாற்றும் லிப்ரே ஆபிஸ் நீட்சி, படகின் ஜிபிஎஸ் கருவியில் பதிந்த புள்ளிகளை வரைபடத்தில் போடும் கியூஜிஐஎஸ் செருகுநிரல், பள்ளிவாசல் இணையதளத்தில் தொழுகை நேரம் காட்டும் வேர்ட்பிரஸ் பிளக்-இன், இப்படி ஏதாவது ஒன்று. பெரிய மென்பொருள் ஒன்றோடு சேர்ந்து ஓடும் இவை எல்லாவற்றையும் இங்கே ஆட்-ஆன் என்கிறேன். எழுதியவர் துபாய்க்கு வேலைக்குப் போயிருப்பார், குடும்பம் குழந்தை என்று ஆகியிருக்கும், இல்லை சலித்துப்போயிருக்கும். ஆட்-ஆன் அம்போவென்று நிற்கும். நீங்கள் நாலு வரி மாற்றியதும் அது ஓடிவிடுகிறது. உடனே அடுத்த கேள்வி வருகிறது: இதை நான் வெளியிடலாமா? என் பெயரைப் போட்டுக்கொள்ளலாமா? கடைக்காரரிடம் காசு வாங்கலாமா?

கேட்பாரற்றுக் கிடப்பதுதானே, எடுத்தவருக்குச் சொந்தம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். தங்கச்சிமடம் கரையில் வருஷக்கணக்கில் மணலில் ஏற்றிப் போட்ட வள்ளத்தை யாராவது அப்படி எடுத்துக்கொண்டு போக முடியுமா? பதிவெண் உப்பில் அரித்து அழிந்திருந்தாலும் ஆள் யார் என்று கரைக்கே தெரியும். மென்பொருளிலும் அப்படித்தான். உரிமையாளர் பத்து வருஷம் திரும்பிப் பார்க்கவில்லை என்பதால் உரிமை அவரை விட்டுப் போவதில்லை. ஆனால் பெரும்பாலான ஆட்-ஆன்களில், எழுதியவரே நமக்கான அனுமதியை, அதாவது உரிமத்தை (லைசென்ஸ்), முன்கூட்டி எழுதி வைத்துவிட்டுத்தான் போயிருப்பார். அதைத் தேடிப் படிப்பதுதான் நம் வேலையில் பாதி.

கீழே சொல்லும் வரிசையிலேயே செய்யுங்கள். உரிமத்தைப் பார்க்காமல் நிரலைத் திருத்த உட்கார்ந்தால் உழைப்பு வீணாகலாம்.

1. நிஜமாகவே கைவிட்டுவிட்டார்களா?

கடைசிப் பதிப்பு வந்து ஐந்து வருஷம் ஆகிவிட்டது என்பது மட்டும் போதாது. பாமினி எழுத்து மாறப்போவதில்லை. அதை மாற்றித் தரும் நிரல் 2015-இல் சரியாக இருந்தால் இன்றும் சரிதான். அது கைவிடப்பட்டதல்ல, வேலை முடிந்தது. பார்க்க வேண்டியவை வேறு: பிழை என்று பயனர்கள் எழுதியதற்குப் பதில் இருக்கிறதா, இப்போதைய மென்பொருளில் திறக்கிறதா, எழுதியவரே 'இனி நான் பார்ப்பதில்லை' என்று குறிப்பு விட்டிருக்கிறாரா, நிரல்களைப் போட்டுவைக்கும் கிட்ஹப் தளத்தில் அதன் களஞ்சியம் 'ஆர்க்கைவ்' (படிக்க மட்டும்) ஆக்கப்பட்டிருக்கிறதா.

ஒரே நாளில் கூட்டமாக அனாதையான ஆட்-ஆன்களும் உண்டு. 2017 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் 57 வந்தபோது பழைய முறையில் எழுதிய நீட்சிகள் மொத்தமாக நின்றுபோயின. 2018 பிப்ரவரியில் கியூஜிஐஎஸ் 3 வந்தது. பைத்தான் நிரல்மொழியின் பதிப்பு 2-இல் இருந்து 3-க்கு மாறியதால் பழைய செருகுநிரல்களை எல்லாம் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. திருத்த நேரம் இல்லாதவர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். நீங்கள் எடுக்க நினைப்பது அந்தக் கூட்டத்தில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

2. உரிமம் எங்கே இருக்கிறது?

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். தளத்தின் முகப்பில் 'இலவசம்' என்று போட்டிருப்பது உரிமம் ஆகாது. காசு வாங்கவில்லை என்று மட்டுமே அதற்கு அர்த்தம்.

ஆட்-ஆன் கோப்பையே பிரித்துப் பாருங்கள். லிப்ரே ஆபிஸின் ஓஎக்ஸ்டி கோப்பும் ஃபயர்பாக்ஸின் எக்ஸ்பிஐ கோப்பும் உள்ளுக்குள் வெறும் ஜிப் கோப்புகள்தான். ஒரு நகல் எடுத்து, அதன் பெயரின் வாலை ஜிப் என்று மாற்றினால் சாதாரணமாகத் திறந்துவிடும். உள்ளே 'லைசென்ஸ்' அல்லது 'காப்பியிங்' என்று ஒரு கோப்பு இருக்கிறதா பாருங்கள். கியூஜிஐஎஸ் செருகுநிரலாக இருந்தால் அதன் ஃபோல்டரில் மெட்டாடேட்டா என்ற உரைக்கோப்பு கட்டாயம் இருக்கும். அதில் எழுதியவர் பெயரும் மின்னஞ்சலும் கிடைக்கும். வேர்ட்பிரஸ் பிளக்-இன்னில் முதன்மை பிஎச்பி கோப்பின் தலையில் உரிம வரி இருக்கும், ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பிலும் இருக்கும். கடைசியாக, ஒவ்வொரு நிரல் கோப்பின் முதல் பத்து வரிகளையும் படியுங்கள். ரீட்மீயில் எம்ஐடி என்ற தாராளமான உரிமத்தின் பெயர் இருக்கும். உள்ளே ஒரு கோப்பின் தலையில் மட்டும் 'அனைத்து உரிமைகளும் உடையது' என்று இருக்கும். அந்தக் கோப்பு வேறு யாரிடமிருந்தோ எடுத்து ஒட்டியதாக இருக்கலாம். அதை மட்டும் தனியே குறித்து வையுங்கள்.

எங்கே வெளியானது என்பதும் ஒரு தடயம். வேர்ட்பிரஸ் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இடம் பெற வேண்டும் என்றால் ஜிபிஎல் என்ற உரிமத்துக்கு ஒத்துப்போகும் உரிமம் வேண்டும். கியூஜிஐஎஸ் மென்பொருளே ஜிபிஎல்தான், அதன் செருகுநிரல்களும் அதற்கு ஒத்தே இருக்க வேண்டும். ஆகவே அந்த இரண்டு இடங்களில் இருந்து இறக்கியதாக இருந்தால் பாதிக் கவலை விட்டது. லிப்ரே ஆபிஸ் நீட்சிகளில் உரிமம் ஆளுக்கொரு விதம், பிரித்துப் பார்க்காமல் தெரியாது.

உரிமம் கிடைத்துவிட்டால் அதன் போக்கைப் புரிந்துகொள்ளுங்கள். எம்ஐடி என்றால் பெயரையும் உரிமக் குறிப்பையும் வைத்துக்கொண்டு என்ன வேண்டுமானாலும் செய்யலாம். அபாச்சி 2.0-வும் ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் மாற்றிய கோப்பில் மாற்றினேன் என்று எழுத வேண்டும். ஜிபிஎல் என்றால் திருத்தலாம், பரப்பலாம், விற்கவும் செய்யலாம்; ஆனால் உங்கள் திருத்தத்தையும் அதே உரிமத்தில்தான் கொடுக்க வேண்டும், மூலநிரலை (படித்துத் திருத்தக்கூடிய வடிவில் உள்ள நிரலை) மறைக்கக் கூடாது. ஜிபிஎல்லில் ஒரு சின்ன வார்த்தையைக் கவனியுங்கள்: 'பதிப்பு 2 மட்டும்' என்றிருக்கிறதா, 'பதிப்பு 2 அல்லது அதற்குப் பிந்தையது' என்றிருக்கிறதா? 1991-இல் வந்த பதிப்பு 2-உடன் அபாச்சி 2.0 நிரலைக் கலக்க முடியாது. 2007-இல் வந்த பதிப்பு 3-உடன் கலக்கலாம். எங்கிருந்தோ ஒரு நிரல் நூலகத்தை (பிறர் எழுதி வைத்த துணை நிரலை) சேர்த்துச் சரிசெய்துவிட்டேன் என்று சொல்வதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

3. உரிமமே இல்லை என்றால்?

ஒன்றும் எழுதவில்லை என்றால் எல்லாம் அனுமதி என்று புதியவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மை தலைகீழ். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வகையில் வைக்கிறது. கதை எழுதியவருக்கு உள்ள உரிமை நிரல் எழுதியவருக்கும் உண்டு. பதிவு செய்ய வேண்டியதில்லை, எழுதிய கணமே உரிமை பிறந்துவிடுகிறது. எழுதியவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் வரை அது நிற்கும். 2012-இல் கல்லூரியில் படிக்கும்போது ஒருவர் எழுதிய நிரல், அவர் 2060 வரை வாழ்ந்தால், 2120 முடியும்வரை உரிமையில் இருக்கும். காத்திருந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற யோசனை நடக்காது. எழுதியவர் ஜெர்மனிக்காரர் என்றாலும் பெர்ன் என்ற பன்னாட்டுப் பதிப்புரிமை ஒப்பந்தப்படி இங்கேயும் அதே பாதுகாப்புதான்.

கிட்ஹப்பில் பொதுவில் போட்டிருக்கிறாரே என்பீர்கள். அந்தத் தளத்தின் விதிப்படி மற்றவர்கள் அதைப் பார்க்கலாம், தளத்துக்குள்ளேயே ஃபோர்க் (தனிக் கிளையாக ஒரு நகல்) எடுக்கலாம். வெளியே கொண்டுபோய்ப் பரப்புவதற்கு அது அனுமதி ஆகாது.

ஆனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதும் இல்லை. சட்டத்தின் 52-ஆவது பிரிவு, முறையாக நிரலை வைத்திருப்பவருக்குச் சில வசதிகளைத் தருகிறது. எந்த வேலைக்காகக் கொடுக்கப்பட்டதோ அந்த வேலைக்குப் பயன்படும்படி நகலெடுக்கலாம், தழுவி மாற்றலாம். காப்புப் பிரதி வைத்துக்கொள்ளலாம். எப்படி இயங்குகிறது என்று ஆராய்ந்து பார்க்கலாம். சொந்த உபயோகத்துக்கு, வியாபாரம் இல்லாமல், பிரதி எடுக்கலாம். ஆக, உங்கள் கணினியில் ஓடும்படி நீங்களே திருத்திக்கொள்வதில் தடை இல்லை. திருத்தியதை ஊருக்கெல்லாம் பென் டிரைவில் கொடுப்பதுதான் தடை. திருட்டு நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துபவரையும் 63பி பிரிவு தண்டிக்கிறது. அதனால் நீங்கள் கொடுக்கும் டிடிபி கடைக்காரரையும் சேர்த்துத்தான் மாட்டிவிடுகிறீர்கள்.

பதிலே வராத ஆளின் உரிமமில்லாத நிரல் என்றால் எனக்குப் பிடித்த வழி, புதிதாக எழுதுவது. சட்டம் காப்பது எழுத்தைத்தான், யோசனையை அல்ல. பாமினியை யூனிகோடாக்கும் யோசனை யாருக்கும் சொந்தமில்லை. ஒருவர் பழைய ஆட்-ஆனை ஓட்டிப் பார்த்து அது என்னென்ன செய்கிறது என்று தாளில் எழுதட்டும். பழைய நிரலைப் பார்க்காத இன்னொருவர் அந்தத் தாளை வைத்து எழுதட்டும். இரண்டு நண்பர்கள் சேர்ந்தால் சின்ன ஆட்-ஆன் ஒன்று வார விடுமுறைகளிலேயே முடிந்துவிடும். ஏஐயிடம் பழைய நிரலைக் கொடுத்து 'இதை வேறு மாதிரி எழுதிக் கொடு' என்று வாங்குவதை நான் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

உரிமையாளரைக் கண்டுபிடிக்கவே முடியாத படைப்புகளுக்கு 31ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. நாளிதழில் விளம்பரம் கொடுத்து, மனுப் போட்டு, கட்டாய உரிமம் வாங்கும் வழி. இருநூறு பேர் பயன்படுத்தும் ஆட்-ஆனுக்கு அந்தச் செலவும் அலைச்சலும் கட்டுப்படியாகாது. இருப்பதாகத் தெரிந்துகொண்டு நகருங்கள்.

4. உரிமையாளர் உண்மையில் யார்?

ஆட்-ஆனில் பெயர் போட்டிருப்பவர்தான் உரிமையாளர் என்று நம்பிவிட வேண்டாம். நடுவில் திருத்தம் அனுப்பிய ஒவ்வொருவரும் தாம் எழுதிய பகுதிக்கு உரிமையாளர். மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியின் வரலாற்றைத் திறந்தால் யார் எந்த வரியை எழுதினார் என்று தெரிந்துவிடும். உரிமத்தையே மாற்ற நினைத்தால் இத்தனை பேரிடமும் சம்மதம் வாங்க வேண்டும், ஒருவர் தலையாட்டினால் போதாது.

வேலையில் இருந்துகொண்டு எழுதியது இன்னொரு சிக்கல். 17-ஆவது பிரிவின்படி, வேலை ஒப்பந்தத்தில் இருப்பவர் தன் பணியின் பகுதியாக எழுதியதற்கு, வேறு உடன்பாடு இல்லாதவரை, முதலாளியே முதல் உரிமையாளர். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் வரைபடத்தில் குறித்துக் காட்டும் செருகுநிரல் ஒன்றை, மண்டபத்தில் ஆராய்ச்சி வேலையில் இருந்த ஒருவர் அலுவலக வேலையாக எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஓய்வுபெற்று ஊர் போனபின், 'எடுத்துக்கோ தம்பி' என்று போனில் சொன்னால் போதுமா? அந்த அனுமதியைக் கொடுக்க வேண்டியது நிறுவனம். தொண்டியில் உள்ள பல்கலைக்கழக வளாகத்தில் படித்த மாணவர் தன் புராஜெக்டுக்காக எழுதியது என்றால் கதை வேறு. மாணவர் ஊழியர் இல்லை. சேர்க்கையின்போது கையெழுத்திட்ட தாளிலோ உதவித்தொகை நிபந்தனையிலோ வேறு மாதிரி இல்லாதவரை அது மாணவருடையதுதான்.

நம் ஊர்க் கடைகளில் அடிக்கடி வரும் குழப்பம் இது. பாம்பனில் ஒரு ஐஸ் கம்பெனி, படகுவாரியாகக் கடன் கணக்குக் காட்டும் டாலி ஆட்-ஆன் ஒன்றை வெளியாள் ஒருவரிடம் 15,000 ரூபாய் கொடுத்து எழுதி வாங்குகிறது. எழுதியவர் பிறகு காணாமல் போய்விடுகிறார். 'காசு கொடுத்தேன், என்னுடையது' என்பார் முதலாளி. பில் மட்டும் இருந்தால் அவருக்குப் பயன்படுத்தும் உரிமைதான் உண்டு. சம்பளத்துக்கு இல்லாத வெளியாள் எழுதிய நிரலின் உரிமை, எழுத்தில், கையெழுத்துடன் மாற்றிக் கொடுத்தால்தான் மாறும். அப்படி எழுதும் தாளிலும் கவனம் வேண்டும். 19-ஆவது பிரிவின்படி, எத்தனை வருஷத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம், எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும். நீங்கள் யாருக்காவது எழுதிக் கொடுக்கும்போதும் சரி, வாங்கும்போதும் சரி, இந்த இரண்டு வரிகளையும் தாளில் சேர்த்துவிடுங்கள். மூலநிரலைத் தராமல் டிசிபி கோப்பை (திருத்த முடியாதபடி தொகுத்த வடிவத்தை) மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருந்தால், உரிமை யாருடையது என்ற வழக்கையே விடுங்கள், திருத்துவதற்கு ஒன்றும் கையில் இல்லை. கடைக்காரர்கள் முதல் நாளே கேட்டு வாங்க வேண்டியது மூலநிரலை.

எழுதியவர் இறந்துவிட்டார் என்று தெரிந்தால் உரிமை வாரிசுகளுக்குப் போகிறது. மனைவியோ பிள்ளைகளோ அதன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அவசரப்பட்டு ஒரு படிவத்தை நீட்டாதீர்கள். அவர் செய்த வேலையை இன்னும் இத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

நிரலைத் தவிர மற்றவற்றையும் பாருங்கள். உள்ளே வைத்திருக்கும் எழுத்துரு, ஐகான், தமிழ் மொழிபெயர்ப்பு, சொற்பட்டியல், வரைபடத் தரவு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உரிமம் இருக்கும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவு என்றால் ஓடிபிஎல் உரிமம், அவர்கள் பெயரைக் காட்ட வேண்டும். ஓஎஃப்எல் என்ற எழுத்துரு உரிமத்தில் வந்த எழுத்துருவைத் திருத்தினால், ஒதுக்கிவைத்த பெயர் என்று அதில் குறித்திருக்கும் பெயரைத் திருத்திய எழுத்துருவுக்கு வைக்கக் கூடாது.

5. எழுதியவருக்குக் கடிதம்

தெளிவான உரிமம் இருந்தால் கடிதம் சட்டப்படி தேவையில்லை. ஆனாலும் எழுதுங்கள். பெயரும் பயனர்களும் அவர் கையில் இருக்கிறார்கள். உரிமம் இல்லை என்றால் கடிதம்தான் ஒரே கதவு.

நம் கரையில் ஆளைப் பிடிப்பது பல நேரம் சுலபம். கீழக்கரைக்காரர் என்றால் அவர் தெருவில் விசாரித்தால் எந்த நாட்டில், எந்தக் கம்பெனியில் என்று சொல்லிவிடுவார்கள். 'காக்கா (அண்ணே), உங்க பழைய பிளக்-இன் இன்னும் ஓடுது' என்று வாட்ஸப்பில் ஆரம்பிக்கலாம், தப்பில்லை. ஆனால் அனுமதி என்று வரும்போது வாட்ஸப் குரல் செய்தியில் நிறுத்தாதீர்கள். சட்டப்படி உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும். மின்னஞ்சலில் ஒரு பதில் வாங்குங்கள். அதைவிட நல்லது, அவரே களஞ்சியத்தில் ஒரு உரிமக் கோப்பைச் சேர்ப்பது. அப்போது உங்களுக்கு மட்டுமல்ல, உங்களுக்குப் பின் வருபவருக்கும் அது போதும்.

கடிதம் இப்படி இருக்கலாம்:

'வணக்கம். நீங்கள் 2014-இல் வெளியிட்ட பாமினி மாற்றி நீட்சியை இராமநாதபுரத்தில் டிடிபி கடைகளில் இன்னும் பயன்படுத்துகிறார்கள். புதிய லிப்ரே ஆபிஸில் அது திறப்பதில்லை. திறக்கும்படி சில திருத்தங்கள் செய்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். உங்களிடம் மூன்று கேள்விகள். நீட்சியில் உரிமம் குறிப்பிடவில்லை. ஜிபிஎல் 3 அல்லது எம்ஐடி, உங்களுக்கு எது சரியோ அதில் வெளியிடச் சம்மதமா? இதே பெயரில் நான் தொடரலாமா, இல்லை வேறு பெயர் வைக்கட்டுமா? நீட்சிப் பட்டியலில் என்னையும் பராமரிப்பாளராகச் சேர்க்க முடியுமா? மூன்றும் வேண்டாம், முதலாவது மட்டும் சரி என்றாலும் எனக்கு மகிழ்ச்சிதான். முதல் ஆசிரியராக உங்கள் பெயர் எப்போதும் இருக்கும்.'

கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்பதில் ஒரு காரணம் இருக்கிறது. நிரலின் உரிமை ஒன்று, பெயர் ஒன்று, ஆட்-ஆன் பட்டியலில் உள்ள இடம் ஒன்று. 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று ஒரே சொல்லில் பதில் வந்தால் எதை என்று தெரியாது, பின்னால் அதுவே சண்டைக்கு வழி.

எத்தனை நாள் காத்திருப்பது? பைத்தான் பொதிகளின் (பிறர் பயன்படுத்தப் பகிரும் நிரல் தொகுப்புகளின்) கிடங்கான பைபிஐ, கைவிடப்பட்ட பொதியின் பெயரை மாற்றிக் கொடுக்கும் முன் உரிமையாளரைத் தொடர்புகொள்ள ஆறு வாரம் முயல்கிறது. நீங்களும் அதே கணக்கை வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் இரண்டு நினைவூட்டல். பதில் வராவிட்டால் அது சம்மதம் ஆகாது. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பதெல்லாம் பெண் பார்க்கும் வீட்டோடு சரி.

6. தனிக் கிளையாக வெளியிடுவது

உரிமம் இடம் கொடுக்கிறது, ஆள் பதில் சொல்லவில்லை. அப்படியானால் ஃபோர்க் எடுத்து வேறு பெயரில் வெளியிடுங்கள். பழைய பெயரையே வைத்தால் உரிமம் காப்பாற்றாது. நிரல் உரிமம் வேறு, பெயர் வேறு. பதிவு செய்யாத பெயருக்கும், பயனர்களிடையே அது நிலைத்திருந்தால், இந்தியச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. 'இன்னதன் தொடர்ச்சி' என்று விளக்கத்தில் எழுதுங்கள், தலைப்பில் வேண்டாம். சின்னத்தையும் மாற்றுங்கள்.

கோப்பின் தலை இப்படி இருக்க வேண்டும்:

பதிப்புரிமை 2013–2016, முதலில் எழுதியவர் பெயர்
பதிப்புரிமை 2025, உங்கள் பெயர்
2025 ஜூன் 14: புதிய பதிப்பில் திறக்கும்படி மாற்றப்பட்டது
உரிமம்: ஜிபிஎல் பதிப்பு 2 அல்லது அதற்குப் பிந்தையது

முதல் வரியை அழிக்கவே கூடாது. நீங்கள் தொண்ணூறு சதவீதம் திருப்பி எழுதியிருந்தாலும் மிச்சம் பத்து அவருடையது. தேதி போட்டு மாற்றத்தைச் சொல்ல வேண்டும் என்பது ஜிபிஎல் பதிப்பு 2-இன் நிபந்தனை, நம் பணிவு அல்ல. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 57-ஆவது பிரிவும் இருக்கிறது. உரிமையை முழுவதும் விற்ற பிறகும், 'இதை எழுதியவன் நான்' என்று சொல்லும் உரிமை எழுதியவரிடமே இருக்கும்.

பென் டிரைவில் போட்டுக் கொடுப்பதுதான் நம் பக்கத்து வழக்கம் என்பதால் இதையும் சொல்கிறேன். ஜிபிஎல் நிரலைத் தொகுத்து (கம்பைல் செய்து), இயங்கும் கோப்பாக மட்டும் கொடுத்தால் மூலநிரலும் கூடப் போக வேண்டும். இல்லை என்றால் கேட்டால் தருவேன் என்று மூன்று வருஷத்துக்குச் செல்லும் எழுத்து வாக்குறுதி கொடுக்க வேண்டும். மூன்று வருஷம் யார் ஞாபகம் வைத்திருப்பது? அதே பென் டிரைவில் இன்னொரு ஃபோல்டரில் மூலநிரலைப் போட்டுவிடுங்கள், வேலை முடிந்தது. கடைக்கு வந்து நிறுவிக் கொடுக்க, கோளாறு பார்க்க, தாராளமாகக் காசு வாங்கலாம். ஜிபிஎல் அதைத் தடுப்பதில்லை.

7. பட்டியலில் உள்ள பழைய இடத்தைக் கேட்பது

வேர்ட்பிரஸில் பராமரிப்பாளர் இல்லாத பிளக்-இன்னைத் தத்தெடுக்க முறை இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன் திருத்திய நிரலைத் தயாராக வைத்திருங்கள். எழுதியவரைத் தொடர்புகொள்ள முயன்றதற்குச் சான்றும் வேண்டும், மேலே சொன்ன கடிதங்கள் இங்கே உதவும். ஃபயர்பாக்ஸ், கியூஜிஐஎஸ் பட்டியல்களில் உரிமையாளரே இன்னொருவரைச் சேர்க்க முடியும். அவர் அசையவில்லை என்றால் புதுப் பெயரில் புதிதாகப் போடுவதுதான் வழி. பழைய பயனர்களுக்குத் தானாகப் புதுப்பிப்பு போகாது. கடை கடையாகச் சொல்லித்தான் மாற்ற வேண்டும்.

இந்தக் கட்டுப்பாடு எரிச்சலாக இருக்கும். ஆனால் காரணம் இருக்கிறது. 2018-இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் பொதியை அதன் ஆசிரியர், உதவ முன்வந்த முன்பின் தெரியாத ஒருவரிடம் நல்லெண்ணத்தில் ஒப்படைத்தார். வந்தவர் அதற்குள் பிட்காயின் பணப்பையைத் திருடும் நிரலைச் சொருகிவிட்டார். 2024-இல் எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியிலும் ஏறக்குறைய இதே கதை. ஒருவர் இரண்டு வருஷத்துக்கு மேல் பொறுமையாக வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்து, பிறகு ரகசியமாக உள்ளே நுழைய ஒரு பின்கதவு வைத்தார். ஆகவே உங்கள் கடிதத்தைப் பார்த்து ஒருவர் சந்தேகப்பட்டால் கோபப்படாதீர்கள். மேலே உள்ள கடிதத்தில் கேள்விகளைக் கேட்கும் முன்பே திருத்தங்களைச் சேர்த்து அனுப்பியது இதற்காகத்தான். பிரபலமான நீட்சி உங்கள் கைக்கு வந்தபின் யாராவது அதை விலைக்குக் கேட்டு எழுதினால், அவர்களுக்கு வேண்டியது நிரலா, பயனர்களின் கணினிக்குள் போகும் வழியா என்று யோசியுங்கள்.

எழுதியவர் திடீரென்று திரும்பி வந்து ஆட்சேபித்தால்? உரிமப்படி நடந்திருந்தால் நீங்கள் தொடரலாம். ஒருமுறை ஜிபிஎல்லில் கொடுத்ததை, நிபந்தனையை மீறாத ஒருவரிடமிருந்து பிடுங்க முடியாது. உரிமம் இல்லாமல் வெளியிட்டிருந்தால் உடனே இறக்கிவிட்டுப் பேசுங்கள். பதிப்புரிமை வழக்கை எழுதியவர் தான் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே போட 62-ஆவது பிரிவு இடம் தருகிறது. அவர் டெல்லிக்காரர் என்றால் நீங்கள்தான் ரயில் ஏற வேண்டும். பணம் சம்பந்தப்பட்டிருந்தால் வழக்கறிஞரைப் பாருங்கள், இந்தக் கட்டுரையை நம்பி இருக்க வேண்டாம்.

8. நீங்கள் விட்டுப்போகும்போது

நீங்களும் ஒருநாள் சென்னைக்கோ சவூதிக்கோ போவீர்கள். உரிமக் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொருவரை இப்போதே இணைப் பராமரிப்பாளராகச் சேர்த்து வையுங்கள். போகும் நாளில், ரீட்மீயின் முதல் வரியில் 'இனி நான் பார்ப்பதில்லை, விரும்பியவர் தொடரலாம்' என்று எழுதி, களஞ்சியத்தை ஆர்க்கைவ் செய்யுங்கள். உரிமையே வேண்டாம் என்று முழுவதும் விட நினைத்தால், சட்டத்தின் 21-ஆவது பிரிவின்படி பதிப்புரிமைப் பதிவாளருக்குத் தெரிவித்தோ பொது அறிவிப்புக் கொடுத்தோ துறக்கலாம். சின்ன ஆட்-ஆனுக்கு எம்ஐடி போட்டுவிட்டுப் போவதே எளிது.

ஆட்-ஆனுக்கென்று டொமைன் வாங்கியிருந்தால் அது எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த டொமைனில் உள்ள மின்னஞ்சலைத்தான் பட்டியல் கணக்குக்கும் கொடுத்திருக்கிறீர்கள் என்றால், அதை முதலில் மாற்றுங்கள். டொமைன் கைமாறிய மறுநாள் வாங்கியவர் 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்று அழுத்தினால், மாற்றும் இணைப்பு அவருக்குத்தான் போகும்.